எல்ஃப் நகரத்துக்கு நான் கட்டிய மதில்

எங்கள் சங்கத்து ஆண்டு மலரில் வருசா வருசம் டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் தாங்கள் முன்னேறிய கதையை எழுதுகிறார்கள். படித்தார்கள், சோதனை பாஸ் பண்ணினார்கள், வேலை கிடைத்தது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த முறை மலர்க்குழுத் தம்பிமார் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணை, நீங்கள் பென்சன் எடுத்திட்டியள். இனி நேரமில்லை எண்டு சொல்ல ஏலாது. டிராகன் கதையை எழுதித் தாங்கோ" என்றார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் கட்டுரை கேட்க அவர்களுக்குத் துணிவு வந்தது பெரிய விசயம். எழுத எனக்குத் துணிவு வந்தது பெரிய விசயமில்லை. அது என்னிடம் எப்போதும் இருந்த சாமான்.

அவர்கள் இப்போது வந்து கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் வேலை செய்த பூங்காவில் பழைய எல்ஃப் நகரத்தை இடித்துவிட்டு, இருட்டு அறைக்குள் பெரிய திரை வைத்துப் படம் காட்டப் போகிறார்களாம். இடிக்க வந்த மெசின் மதிலை ஒரு காலை நேரத்துக்குள் தின்று முடித்துவிட்டதாம். மூன்றாம் கோபுரத்துக்கும் நாலாம் கோபுரத்துக்கும் இடையில் உள்ள துண்டுக்கு மட்டும் வேறு மெசின் கொண்டுவர வேண்டியதாகிவிட்டதாம். அந்தத் துண்டு நான் கட்டியது.

முதலில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்ஃப் என்றால் ஜேர்மன்காரரின் கதைகளில் வரும் ஒரு சாதி. கூர்க்காது, நீள முடி, வெள்ளை வெளேர் என்ற தோல், வயது போகாது. எங்களுடைய கந்தர்வர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருக்கிற ஹம் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணித்தியாலமும் பிறகு பஸ்ஸில் கொஞ்சமும் போனால் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா வரும். அதற்குள் அவர்களுக்கென்று ஒரு நகரமே கட்டி வைத்திருந்தார்கள். சுற்றிவர வெள்ளை மதில். ஏழு கோபுரம். கூரையெல்லாம் பொன் நிறம். மரங்களுக்கு வெள்ளித்தாளில் வெட்டிய இலை. சந்தையில் மெழுகால் செய்த திராட்சையும் மாதுளையும் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். அவ்வளவு செல்வம் கொழித்த ஊரில் ஒருவரும் ஒரு வேலையும் செய்யமாட்டார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் காதை ஒட்டிக்கொண்டு, நீளச் சட்டை போட்டு, மெல்ல மெல்ல நடந்து திரிவார்கள். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். ஒரேயொரு குறை, நகரத்துக்குள் கக்கூசு இல்லை. அது மதிலுக்கு வெளியே கார் தரிப்பிடத்துப் பக்கம் இருந்தது. அவசரமென்றால் எல்ஃப்பும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலால் ஓடவேண்டியதுதான்.

அந்தக் கக்கூசைக் கழுவுகிறவனாகத்தான் நான் அங்கே நுழைந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் மேசன். பதின்மூன்று வயதில் சாந்தகப்பை பிடித்தவன். இருபது வயதில், நான் நூல் பிடித்துக் கட்டிய மதிலுக்குப் பிறகு ஒருவரும் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதில்லை. எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனிக்கு வந்து, முகாமில் கிடந்து, அகதி அந்தஸ்து கிடைத்து, வுப்பர்டாலில் ஒரு றெஸ்ரோரன்றில் கோப்பை கழுவி, பிறகு ஹம்முக்கு வந்தேன். இதையெல்லாம் விரித்து எழுதினால் எல்லாருடைய கதையும் ஒன்றுதான் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

ஒரு பருவம் கக்கூசு கழுவினேன். அடுத்த வருசம் மார்ச்சில் மதில் பராமரிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் பெயர் ஹெர் பொல்மான். ஹெர் என்றால் இங்கே திருவாளர். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த மனிசன். பேச்சு மிகவும் குறைவு. அவர் ஜேர்மனில் சொன்னதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். மலரை வாசிக்கிறவர்களுக்கும் சுகம், எனக்கும் சுகம்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"மதில்" என்றேன்.

"சேர்ட்டிபிக்கற்?"

நான் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். அவர் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்றார். இதுதான் என் நேர்முகப் பரீட்சை.

ஹெர் பொல்மானுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. சட்டைப் பையிலிருந்து மடக்கு அடிமட்டத்தை எடுத்து முழுநீளத்துக்கும் விரிப்பார். பிறகு ஒவ்வொரு மடிப்பாக மடக்குவார். டிக், டிக், டிக். மூன்றாவது டிக்கோடு எதிரில் நிற்கிறவன் தானாகவே மன்னிப்புக் கேட்டுவிடுவான். காலை ஒன்பது மணிக்கு நின்றபடியே ஒரு அவித்த முட்டை சாப்பிடுவார். அந்த நேரத்தில் கோபுரம் சரிந்தாலும் முட்டை முடியும்வரை திரும்பமாட்டார்.

அவர் எனக்குப் பழக்கிய முதல் வேலை, மதிலைத் தட்டுவது. அந்த மதில் முழுக்க ரெஜிபோம். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்குமே, ரேடியோப் பெட்டிக்குள் வைத்து வருவது, அதுதான். அதற்கு மேலே கம்பி வலை, மெல்லிய பூச்சு, பெயின்ற், பிளாஸ்டிக் கொடி. ஒவ்வொரு காலையும் ஹெர் பொல்மான் ஒரு சுத்தியலின் மரப்பிடியால் கைக்கு எட்டிய தூரத்துக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றி வருவார். "பொத்" என்று கேட்டால் சுகம். "சலக்" என்று கேட்டால் பூச்சு கழன்றுவிட்டது, சோக்கால் ஒரு வட்டம். பின்னால் நான் வட்டத்தை வெட்டிப் பூசிக்கொண்டு போவேன். இரண்டு கிழமையில் அவர் தட்டும்முன்பே என்ன சத்தம் வரும் என்று சொல்லப் பழகிவிட்டேன்.  அடுத்த நாள் ஒன்பது மணிக்கு அவர் எனக்கும் ஒரு முட்டை கொண்டுவந்தார்.

வேலை பிடித்திருந்தது, ஆனால் மனம் ஆறவில்லை. இவ்வளவு பெரிய பணக்கார நகரம், மதிலை ஒரு ஆடு முட்டினால் விழும். எங்கள் ஊரில் மதில் எதற்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறையாக வழக்குப் பேசுகிற சனம் நாங்கள். மதிலில் ஒரு பொட்டு, அதுதான் ஓட்டை, விழுந்து இரண்டு நாள் அப்படியே கிடந்தால், அந்த வீட்டில் ஆம்பிளை இல்லையோ என்று கேட்பார்கள்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். என் மனிசி பரமேசும் மகள் சுதாவும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நான் வெளிக்கிட்டபோது மகளுக்கு மூன்று வயது. இப்போது ஒன்பது. அவர்களைக் கூப்பிட வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்த அம்மா என் கொன்றாக்றை, அதுதான் வேலை ஒப்பந்தத்தை, தலைகீழாகவும் பார்த்துவிட்டுச் சொன்னா: "இது அக்டோபரில் முடியும் பருவ வேலை. முடியும் திகதி இல்லாத வேலைக் கடிதம் கொண்டுவாருங்கள். அதில்லாமல் விசா இல்லை."

பரமேசுக்கு இதைப் போனில் விளங்கப்படுத்த வேண்டும்.

"நான் இஞ்ச ஒரு நகரத்தில பெரிய பொறுப்பில இருக்கிறன், பரமேஸ். மதில் முழுக்க என்ர கையில."

"பெரிய பொறுப்பில இருக்கிற ஆளுக்கு ஒரு கடிதம் எடுக்க ஏலாதோ?"

"கேக்கிறன். நேரம் பாத்துக் கேக்கவேணும்."

"நேரம் பாத்துப் பாத்துப் பிள்ளை வளந்திட்டுது. போன கிழமை ஆரோ உங்களைப் பற்றிக் கேக்க, அப்பா போட்டோவில இருக்கிறார் எண்டு சொல்லுது."

அன்று மத்தியானமே ஹெர் பொல்மானிடம் கேட்டேன்.  "ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை திறப்பு விழா. மேயர் வாறார், பேப்பர்காரர் வாறார். அண்டைக்கு மதிலில ஒரு குறையும் இல்லாமல் இருந்தால், நானே டிரெக்டரிட்ட உன்ர கடிதத்தைக் கேக்கிறன்" என்றார்.

பிறகு நடந்ததற்கு நான் பாதிப் பொறுப்பு. மற்றப் பாதி ஹெர் பொல்மானின் குடலிறக்கம். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் அவரை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஒருக்கால் முழுக்கச் சுத்திப் பார். உடைஞ்சதெல்லாத்தையும் திருத்து." இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அந்த வருசம் டிரெக்டர் புதிதாக ஒரு டிராகனை வாங்கியிருந்தார் என்பதும், பேப்பர்காரருக்காக அதை இரகசியமாகப் பலகை மறைப்புக்குள் வைத்திருந்தார் என்பதும் ஹெர் பொல்மானுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

நான் சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் கோபுரத்துக்கும் நாலாம் கோபுரத்துக்கும் இடையில், ஒரு லொறி போகிற அகலத்துக்கு, பூச்சே இல்லை. வெளியாட்கள் வேலை செய்துகொண்டிருந்ததால் அதுவரை நாங்கள் தட்டாத இடம் அது. ரெஜிபோம் கட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முன்னால் பெயின்ற் மட்டும் அடித்திருந்தது. கையால் தள்ளினால் ஆடியது. எதிரே புல்லுப் பாய்க்குக் கீழே இரண்டு தண்டவாளம் ஓடியது. குழந்தைகளின் ரயிலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ரயில் போகிற இடத்தில் ஆடுகிற மதில்! வேலை எடுத்தவன் டிரெக்டரை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு இரத்தம் கொதித்தது.

பூங்காவின் பொரித்த உருளைக்கிழங்குக் கடையில் யேசுதாசன் என்று ஒரு மன்னார்ப் பெடியன் வேலை செய்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், கோயிலை விடாதவன். அவனைப் பிடித்தேன்.

"அண்ணை, பெரிய வெள்ளி அண்டைக்குச் சீமேந்து குழைக்கிறது பாவமில்லையோ?"

"அண்டைக்குத்தானே உங்கட ஆண்டவரின்ர கல்லறையைக் கல்லு வைச்சு அடைச்சவை?"

"அது மூண்டாம் நாள் திறந்தது, அண்ணை."

"இது திறக்காது. மண்ணை எடு."

புதுக் கக்கூசு கட்டி மிஞ்சிய சீமேந்துக் கல்லும் கம்பியும் பின்னால் கிடந்தன. கட்டிகளை இறக்கி, அத்திவாரம் வெட்டி, கம்பி நட்டு, கல் அடுக்கி, ஒவ்வொரு பொந்துக்குள்ளும் கொங்கிறீற் ஊற்றினேன். வெள்ளியும் சனியும் ஞாயிறும். ஞாயிறு யேசுதாசன் பூசைக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வந்தான். இறக்கிய ரெஜிபோமை மெல்லிய தகடாக வெட்டி முகத்தில் ஒட்டினேன். பூச்சு, பெயின்ற், கொடி. பக்கத்து மதிலோடு வித்தியாசம் கண்டுபிடிக்க என்னாலேயே ஏலாமல் போய்விட்டது. அப்படி ஒரு கை எனக்கு.

கடைசியாக ஒரு வேலை. எங்கள் ஊரில் ஒரு மதில் எப்போது முடிந்தது என்று சொல்வது? மேலே போத்தல் ஓடு பதித்த பிறகு. பூங்காவின் பியர் கடைக்குப் பின்னால் வெறும் போத்தல் பெட்டி பெட்டியாக இருந்தது. பச்சை, மண்ணிறம், வெள்ளை. உடைத்து, கூர் மேலே பார்க்க, ஈரச் சாந்தில் நட்டேன். வெயில் பட்டதும் அப்படியே மின்னியது. யேசுதாசன் கைகட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இப்பதான் இது ஊர்" என்றான்.

திறப்பு விழாச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹெர் பொல்மான் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சுத்தியலை எடுத்து வழக்கம்போல மதிலைத் தட்டிக்கொண்டு போனார். பொத். பொத். பொத். மூன்றாம் கோபுரம் தாண்டினார்.

டக்.

நின்றார். மறுபடி தட்டினார். டக். ஒரு எட்டு வைத்துத் தட்டினார். டக். நான் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் திரும்பினார். எல்ஃப்பைவிட வெளுத்துப் போயிருந்தார்.

"சின்னா" என்றார். என் முழுப்பெயர் சின்னத்துரை, அவருக்கு அவ்வளவுதான் வாயில் நுழையும். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கொங்கிறீற்" என்றேன். "பன்னிரண்டு மில்லிமீற்றர்க் கம்பி, ஒரு முழத்துக்கு ஒண்டு. இனி நூறு வருசத்துக்குப் பயமில்லை."

"மூண்டு மணிக்கு டிராகன் வரும். இந்த இடத்தைத்தான் உடைக்கும். உடைக்கிறதுக்கெண்டுதான் சும்மா அடுக்கி வைச்சது."

அப்போதுதான் எனக்கு முழு விசயமும் விளங்கியது. காலடியில் தண்டவாளம். பலகை மறைப்புக்குள் ஒரு லொறி நீள டிராகன். ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு அது வந்து நகரத்தை உடைக்கும், எல்ஃப் எல்லாம் ஓடும், பிறகு நான் கட்டிகளை மறுபடி அடுக்கவேண்டும். அதுதான் அந்த வருசத்து விளையாட்டு. பரமேசின் முகம் ஒருமுறை கண்முன்னால் வந்து போனது.

ஹெர் பொல்மான் அடிமட்டத்தை எடுத்தார். விரித்தார். மேலே பார்த்தார்.

"அந்தக் கண்ணாடி என்னத்துக்கு?"

"கள்ளன் ஏறாமல்."

"எல்ஃப் நகரத்தில கள்ளனோ?"

"பணக்கார ஊரெண்டால் கள்ளன் வருவான்தானே, ஹெர் பொல்மான்."

அவர் அடிமட்டத்தை ஒரு மடிப்பும் மடக்காமல் முழுநீளத்தோடு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி அவர் நின்று நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

டிராகனைக் கொண்டுவந்த கொம்பனிக்காரன் தெற்கு ஜேர்மனியான், நல்ல உயரமான ஆள். நெடுவல். பொல்மான் அவனிடம் போய், மதிலுக்கு முன்னால் டிராகனை நிறுத்த ஏலாதா என்று கேட்டார். "புரோகிராம் தொடங்கினால் முடியுமட்டும் போகும். மூண்டு முட்டு, பிறகு கழுத்து உள்ள போகும், நாக்கு வெளியில வரும், பிறகு பின்வாங்கும். நடுவில நிப்பாட்டினால் திரும்பச் சரிக்கட்ட ரெண்டு நாள்" என்றான்.

மதிலின் உட்பக்கம் ஒரு துணியால் மறைப்புக் கட்டிவிட்டு, உளியைச் சீலையால் சுற்றி, சத்தம் வராமல் நானே என் மதிலை உடைக்கத் தொடங்கினேன். வெளியே வாத்தியம் வாசிக்கிறார்கள், சனம் வந்து நிறைகிறது. பதினொரு மணிக்கு டிரெக்டர் மேயரைக் கூட்டிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தாராம். "எவ்வளவு வடிவான இரத்தினக் கற்கள்! யாருடைய யோசனை?" என்று கேட்டாராம். பொல்மான் துணியை விலக்கி என்னைக் காட்டினார். டிரெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளதைச் சொல்வதற்கு அதுதான் நேரம். பொல்மானும் வாயைத் திறந்தார். "எல்லாம் ஒழுங்குதானே, பொல்மான்?" என்று டிரெக்டர் மேயருக்கு முன்னால் கேட்க, அந்த மனிசன் தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொன்னார். "ஒழுங்கு" என்றார்.

இரண்டரை மணிக்கு ஒரு கல் வந்தது. ஒரே ஒரு கல். ஹெர் பொல்மான் மணிக்கூட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சிரிக்காதை" என்றார்.

"சிரிக்கேல்லை, ஹெர் பொல்மான்."

சிரித்துத்தான் இருந்தேன். என்ன செய்வது? மனம் பதறுகிறது. ஆனால் என் கட்டு அப்படி.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி உறுமியது. பலகை மறைப்பு விழுந்தது. டிராகன் புகை விட்டுக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. நல்ல சாமான், பச்சை உடம்பு, சிவப்பு றப்பர் நாக்கு, என் கை நீளத்துக்குப் பல். சனம் "ஓ" என்றது. முதல் முட்டு. மதில் அசையவில்லை. மூக்குக் கொம்பு கழன்று விழுந்தது. இரண்டாவது முட்டு. முன்பல் நாலு போனது. மூன்றாவது முட்டோடு கீழ்த்தாடை ஒரு பக்கம் தொங்கியது. ஆனால் முன்பே பதிந்து வைத்த ஒலிநாடா நிற்காதுதானே. ஒலிபெருக்கியில் ஒருவர் அழுகிற குரலில் சொன்னார்: "நகரம் வீழ்ந்தது! எல்ஃப்களே, ஓடுங்கள்!"

எல்ஃப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதில் அப்படியே நிற்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல், அந்தக் குரல் கேட்டால் ஓடத்தான் ஒரு மாதம் பழக்கியது. ஓடினார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் பிள்ளை தாயிடம் கத்திக் கேட்டது: "அம்மா, இவை ஏன் ஓடினம்? வெண்டவை இவைதானே?" சனம் முழுக்கச் சிரிப்பு. மேயரும் சிரித்தார். டிரெக்டர் சிரிக்கவில்லை.

டிராகன் கழுத்தைத் தூக்கி மதிலுக்கு மேலால் நீட்டியது. நாக்கு வெளியே வந்தது. வந்த நாக்கு என் போத்தல் ஓட்டில் இறங்கியது. பிறகு பின்வாங்கத் தொடங்கியது. நாக்கு வரவில்லை. எப்படி வரும்? கள்ளனின் காலுக்கென்று நட்டது. கழுத்து இழுபட்டது, மோட்டர் கத்தியது, வயிற்றிலிருந்து உண்மையான புகை வந்தது. நெடுவல் தலையில் கைவைத்துக்கொண்டு குளறினான்: "மோட்டர் எரியப்போகுது! ஆராவது நாக்கைக் கழட்டுங்கோ!"

நான் ஏணியில் ஏறினேன். ஓட்டுக்குள் எங்கே கால் வைப்பது என்று தெரிந்தவன் அந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான். ரெஜிபோம் வெட்டுகிற நீளக் கத்தியை எடுத்து நாக்கை அடியோடு அறுத்தேன். டிராகன் ஒரு உதறு உதறிவிட்டுப் பின்னால் போனது. என் கையில் ஒன்றரை முழ நாக்கு. கீழே போட்டால் யாருடைய தலையிலாவது விழும், அதனால் உயர்த்திப் பிடித்தேன்.

அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நீல வேலை உடுப்போடு, சீமேந்துத் தலையோடு, மதில் மேல் நான் நிற்கிறேன். கீழே முழு நாடும் என்னைப் பார்த்துக் கத்துகிறது. குனிந்து ஒரு கும்பிடு போட்டேன்.

நாலு மணிக்கு டிரெக்டரின் அறையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மேசையில் நாக்கு கிடந்தது.

"இதை யார் கட்டச் சொன்னது?"

"நான்" என்றார் ஹெர் பொல்மான். "உடைஞ்சதைத் திருத்து எண்டு சொன்னன். திருத்தியிருக்கிறான். இனி உடையாது."

"அது உடையத்தான் வேணும்! உடைக்கிறதுக்குத்தான் டிராகன் வாங்கினது! ரெண்டு பேரும் திங்கட்கிழமை வரத் தேவையில்லை!"

கடிதம் போய்விட்டது என்று நினைத்தேன்.  பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நேரம் ரிக்கற் கவுண்டர்ப் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினா. "மன்னிக்கவேணும். வெளியில ஒரு கூட்டம் நிக்குது. நாக்கு வெட்டினவர் நாளைக்கும் வருவாரோ எண்டு கேக்கினம். போனும் ஓயுதில்லை."

டிரெக்டர் நாக்கைப் பார்த்தார். ஜன்னலால் வெளியே பார்த்தார். மறுபடி கதிரையில் இருந்தார். குரல் இறங்கிவிட்டது. "சரி. இப்போதைக்கு வெட்டட்டும். ஆனால் அந்த மதில் போகவேணும். மெசினை வைத்து இடியுங்கள்."

"மெசின் வைச்சால் அதிர்ச்சியில ரெண்டு கோபுரமும் வெடிக்கும்" என்றார் பொல்மான். "கையாலதான். கம்பி எங்க இருக்கெண்டு இவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

பொல்மான் சட்டைப் பைக்குள் இருந்து அடிமட்டத்தை எடுக்கப்போகிறார் என்று பார்த்தால், கதவுக்கு வெளியே போய், அங்கே கொண்டுவந்து வைத்திருந்த அந்த ஒரே கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ஒப்பரேசன் வயிறு! "இது காலமை முழுக்க எடுத்தது. அதோட மூண்டு மணிக்கு நாக்கும் வெட்டவேணும்."

"எப்ப முடியும்?"

"சொல்ல ஏலாது."

"அப்ப இவரின் கொன்றாக்றில் என்ன முடிவுத் திகதி போடுவது?"

"போட ஏலாதுதானே" என்றார் ஹெர் பொல்மான்.

 டிரெக்டர் முட்டாளில்லை. பொல்மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார்.

கடிதத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். வேலை என்ற இடத்தில், "மதில் பராமரிப்பும் டிராகனைத் தோற்கடித்தலும்" என்று டைப் பண்ணியிருந்தது. அந்த அம்மா இரண்டு தரம் வாசித்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தரமும் வாசித்தா.

"இது நிரந்தரமான வேலையா?"

"டிராகன் ஒவ்வொரு நாளும் வருது, அம்மா" என்றேன்.

முத்திரை குத்தினா.

நீல உடுப்போடு நாக்கு வெட்டினால் வடிவில்லை என்று என்னையும் எல்ஃப் ஆக்கிவிட்டார்கள். காதுப் பெட்டியில் இருந்த காதெல்லாம் வெள்ளைக்காரத் தோல் நிறம். ஒரு மாணவி கோப்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு நிறம் கலந்து எனக்கென்று இரண்டு காது பூசித் தந்தாள். அந்த நகரத்தில் கறுத்த எல்ஃப் நான் ஒருவன்தான். ஆனால் சொந்தக் கையால் கட்டிய மதிலோடு இருந்த எல்ஃப்பும் நான் ஒருவன்தான். யேசுதாசன் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "அண்ணை, இந்தப் படத்தை எம்பசிக்கு அனுப்பிப்போடாதேங்கோ, தாற விசாவையும் தராமல் விட்டிடுவாங்கள்" என்பான். மதிலை இடிக்கிறேன் என்று ஓய்ந்த நேரம் உளியால் ஒரு தட்டுத் தட்டுவேன். அது விழவேயில்லை. அதைப் பற்றி ஹெர் பொல்மானும் கேட்கவில்லை, டிரெக்டரும் கேட்கவில்லை.

விசா செப்டம்பரில் வந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் டுசில்டோர்வ் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். சனிக்கிழமைதான் பூங்காவில் சனம் அதிகம், எனக்கு லீவு இல்லை. மூன்று மணிக்கு நாக்கை வெட்டிவிட்டு இறங்கினால், யேசுதாசன் காரை இயக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். காதுப் பசையை எண்ணெய் பூசி ஊறவைத்துத்தான் கழற்றவேண்டும். கால் மணித்தியாலம் எடுக்கும். "ஏறுங்கோ அண்ணை, காது பிறகு" என்றான்.

அப்படியே போய் நின்றேன். புதுச் சட்டை, சப்பாத்து, கையில் பூங்கொத்து, இரண்டு பக்கமும் கூர்க்காது. ஒரு பொலிஸ்காரர் இரண்டு தரம் என்னைச் சுற்றி வந்தார். கதவு திறந்தது. பரமேஸ் தள்ளுவண்டியோடு வந்தா. மெலிந்துபோயிருந்தா. பக்கத்தில் தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு நெட்டைப் பிள்ளை. நான் விட்டுவிட்டு வந்தது ஒரு குழந்தையை.

 பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறது, காதைப் பார்க்கிறது, தாயை இழுத்து மெல்லக் கேட்கிறது:

"அம்மா, அப்பாவின்ர காது முந்தியும் இப்பிடியோ?"

பரமேஸ் என்னை மேலும் கீழும் பார்த்தா. கண் நிறைந்திருந்தது, ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை. ஒருத்தற்ற சொல்லையும் கேக்காத காது. முந்தியே இப்பிடித்தான்."

நான் குனிந்தேன். பிள்ளை மெல்லக் கையை நீட்டி ஒரு காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். கன்னத்து மயிரெல்லாம் கழன்று வர நான் "அம்மா" என்று கத்த, காது அவளுடைய கையோடு போனது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். சிரித்தாள். போட்டோவில் இருந்து இறங்கி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஹம் போய்ச் சேரும்வரை காரில் எனக்கும் தாய்க்கும் நடுவில் இருந்தாள். அந்தக் காதை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். தா என்று கேட்டேன், தரவில்லை. அடுத்த நாள் நான் ஒற்றைக் காதோடுதான் டிராகனை வென்றேன்.